மொரீசியஸ் – ரீயூனியன் விமானம்: 230 கிலோமீட்டருக்கு அரை நாள்

மொரீசியஸில் பிளேன் மாயாங்கிலுள்ள நம் விமான நிலையத்துக்கும் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் ரோலான் காரோஸ் நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 230 கிலோமீட்டர், அதாவது 125 கடல் மைல். ஏர் மொரீசியஸ், ஏர் ஆஸ்திரால் இரண்டும் பறக்கின்றன. கால அட்டவணையில் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று இருக்கும். இரு தீவிலும் ஒரே நேரம்தான். கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

இணையத்தில் தூரம் கணக்கிடும் கருவிகள் பல, மணிக்கு 800 கி.மீ. வேகம் வைத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிவிடும். அப்படிப் போட்டால் இங்கே 47 நிமிடம். விடை ஏறக்குறைய சரி, கணக்கு தப்பு. ஏர் மொரீசியஸ் இந்தத் தடத்தில் ஓட்டும் ஏடிஆர் 72, இரட்டை விசிறி விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான். மீதி நேரத்தைத் தின்பது காற்று. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்தே ஏற வேண்டும், இறங்க வேண்டும். அதனால் மேற்கே போக வேண்டிய விமானம் பெரும்பாலும் முதலில் தென்கிழக்கே கிளம்பித் திரும்புகிறது. அங்கே போனதும் தீவின் வடகரையைத் தாண்டிப் போய், கடல் மேல் வளைந்து வந்து இறங்குகிறது. நேர்க்கோட்டுத் தூரத்தில் இந்த வளைவுகள் எதுவும் கிடையாது.

இருக்கை கேட்டால் போகும்போது இடப்பக்க ஜன்னல்; மேகம் விட்டால் 3,070 மீட்டர் பித்தோன் தெ நேஜ் தெரியும். ஏடிஆரில் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் பார்வையை மறைக்காது. விசிறியின் இரைச்சல் முன்பக்க வரிசைகளில்தான் அதிகம். பயணிகள் ஏறும் கதவு பின்னால் இருப்பதால் பின் இருக்கைக்காரர் முதலில் இறங்கலாம். தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது. சக்கரப் பெட்டியை விமானத்தடியில் வாங்கிக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டையும் மருந்தையும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

காவடிக்கோ தீமிதிக்கோ போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பூசைப் பையில்தான். வெற்றிலை, எலுமிச்சை, மாவிலை, கறிவேப்பிலை எதையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள், பறித்துப் போட்டுவிடுவார்கள். கறிவேப்பிலையில் ஒட்டி வரும் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் என்பதால் கெடுபிடி நியாயமே. விபூதி, குங்குமத்தோடு நிறுத்திக்கொண்டு, இலையும் பழமும் அங்கேயே வாங்குங்கள். சூடம் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது, அதையும் அங்கேயே வாங்குங்கள்.

மொரீசியஸ் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வேலை செய்பவர்கள் கவனிக்க: ரீயூனியன் பிரான்சுதான், ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் சேராது. ஷெங்கன் விசாவை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

தரையில் போகும் நேரம்தான் பெரிது. போர்ட் லூயிசிலிருந்து வரும் மெட்ரோ ரயில், விமான நிலையம் வரை வராமல் க்யூர்பிப் ஊரோடு நின்றுவிடும். அங்கிருந்து பஸ் அல்லது டாக்சி. போர்ட் லூயிசிலிருந்து ஒரு மணி, நிலையத்தில் இரண்டு மணி, பறக்க முக்கால் மணி, குடிநுழைவுக்கும் பெட்டிக்கும் இன்னொரு முக்கால் மணி. ரீயூனியன் நிலைய வாசலைத் தாண்டவே நாலரை மணி ஆகிவிடும். காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் வீண். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கடைசி நாள் விமானத்தை நம்பி வேலைக்குத் திரும்பத் திட்டமிடாதீர்கள்.

ரீயூனியனின் சேன் ஆந்த்ரே ஊர்க் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்: நிலையத்திலிருந்து கிழக்கே நேர்ச்சாலை, தலைநகர் சேன் தெனிக்குள் நுழையவே வேண்டாம். மேற்கே சேன் போல் பக்கம் என்றால் சேன் தெனியைக் கடந்து கடலோரச் சாலையில் போக வேண்டும். காலை, மாலை நெரிசலில் பறந்த நேரத்தைவிட அதிகமாகவே காரில் உட்கார நேரும்.