பாரிஸில் கட்டுப்படியாகும் தங்குமிடங்கள்: ஒரு மதிப்பீடு

பாரிஸில் மலிவான தங்குமிடமே கிடையாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஈஃபில் கோபுரத்தைச் சுற்றியே தேடியவர்கள். வேண்டிய மட்டும் கிடைக்கிறது என்று சொல்பவர்களோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவர்கள். இவற்றுக்கு நடுவே, நகர எல்லைக்குள்ளேயே, நெரிசல் இல்லாத மாதங்களில் இருவருக்கு ஓர் இரவுக்கு ஏறத்தாழ 90 முதல் 130 யூரோவுக்குள் அமையும் சிறு ஹோட்டல்களும், ஒருவருக்கு 35 முதல் 50 யூரோவுக்குள் அமையும் விடுதிப் படுக்கைகளும் இருக்கின்றன. நடுத்தரக் குடும்பத்துப் பயணிக்குப் பொருந்துபவை இவைதாம் என்பது என் முடிவு. முன்பதிவுத் தளத்தின் முதல் பக்கத்தில் தெரியும் விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் இவற்றைத் தவறவிட்டு, கடைசியில் அதிகம் செலவழிப்பார்.

தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது நட்சத்திரமோ படமோ அல்ல, அஞ்சல் குறியீட்டு எண். பாரிஸ் நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, லூவ்ர் அருங்காட்சியகப் பகுதியிலிருந்து நத்தை ஓட்டின் சுருளைப் போல வெளிநோக்கி எண்ணிடப்பட்டிருக்கிறது. குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் வட்டார எண். 75010 என்றால் பத்தாம் வட்டாரம், 75018 என்றால் பதினெட்டாம் வட்டாரம். 92, 93, 94 என்று தொடங்கினால் அது நகரத்தை ஒட்டிய புறநகர். 95700 என்று இருந்தால், பெயரில் எவ்வளவு பெரிய எழுத்தில் ‘பாரிஸ்’ இருந்தாலும், அந்த ஹோட்டல் சார்ல் து கோல் விமான நிலையத்தை அடுத்த ருவாசியில் இருக்கிறது.

ருவாசி ஹோட்டல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். அறை பெரிதாக இருக்கும், புதிதாக இருக்கும், விலை நகரத்து ஹோட்டலைவிட முப்பது நாற்பது யூரோ குறைவாகவும் இருக்கலாம். ஆனால் 2025 ஜனவரி முதல் விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான ரயில் பயணச்சீட்டு ஒருவருக்கு ஒரு வழிக்கு 13 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது. இருவர் காலையில் போய் மாலையில் திரும்பினால் அந்தக் கட்டணத்தில் 52 யூரோ. அறையில் மிச்சம் பிடித்தது அன்றே ரயிலுக்குப் போய்விடும். அதோடு, ஹோட்டலிலிருந்து ரயில் நிலையத்துக்கு வரும் இலவசப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. அதிகாலை விமானம் பிடிக்க வேண்டியவருக்குக் கடைசி இரவுக்கு மட்டும் இது சரி. மற்ற இரவுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நகரத்தை ஒட்டிய புறநகர்களின் கதை வேறு. அதே 2025 ஜனவரியில் தொலைவுக்கேற்ற கட்டண முறை கைவிடப்பட்டு, விமான நிலையங்கள் நீங்கலாக, பாரிஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் அடக்கிய இல்-து-பிரான்ஸ் பகுதி முழுவதிலும் மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒற்றைப் பயணச்சீட்டு 2.50 யூரோ ஆனது. இதனால் மெட்ரோவின் ஒன்பதாம் தடத்து மொந்த்ரேய், ஏழாம் தடத்து இவ்ரி, பதினான்காம் தடத்து சேன்-துவான் போன்ற ஊர்களில் தங்குவோருக்குப் பயணச் செலவு நகரத்துக்குள் தங்குவோருக்கு ஆவது போலவேதான். சங்கிலி நிறுவனங்களின் சிக்கன ஹோட்டல்கள் பெரிஃபெரிக் வட்டச்சாலையின் இருபுறமும் நிறைய இருக்கின்றன. அழகு எதிர்பார்க்காமல், சுத்தமான படுக்கையும் வெந்நீரும் போதும் என்பவருக்கு அவை நியாயமானவை. பார்க்க வேண்டியது மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரம் ஒன்றுதான். பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் இரவு திரும்பும்போது அது உறைக்கும். வார நாட்களில் நள்ளிரவைத் தாண்டிச் சிறிது நேரத்தில் மெட்ரோ நின்றுவிடும், வெள்ளி சனிக்கிழமைகளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும்.

இனி நகருக்குள் இருக்கும் சிறு ஹோட்டல்கள். பிரான்ஸில் நட்சத்திரங்களை ஹோட்டல்காரர் தாமே சூட்டிக்கொள்ள முடியாது. அரசின் சுற்றுலா அமைப்பான அத்தூ பிரான்ஸின் விதிகளின்படி ஆய்வு செய்து, ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்து வழங்கப்படுகிறது. வாசலில் பதித்திருக்கும் தகடு அந்தச் சான்றுக்குத்தான். ஆனால் அந்த ஆய்வு வசதிகளை எண்ணுகிறதே தவிர, அறை மனத்துக்குப் பிடிக்குமா என்று பார்ப்பதில்லை. இரண்டு நட்சத்திர இருவர் அறைக்குக் குறைந்தபட்ச அளவு, குளியலறை நீங்கலாக, ஒன்பது சதுர மீட்டர்; நம் கணக்கில் நூறு சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. இரண்டு பெரிய பெட்டிகளைத் தரையில் விரித்து வைத்தால் கட்டிலைச் சுற்றி நடக்க முடியாது. ஒன்றைத் திறக்க மற்றொன்றை மூட வேண்டியிருக்கும். இதைக் குறையாகச் சொல்லி விமர்சனம் எழுதுபவர்கள் ஏராளம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடத்துக்குள் ஹோட்டல் நடத்துபவர் சுவரைத் தள்ளி வைக்க முடியாது.

நியாயமான குறைகள் வேறு இருக்கின்றன. மாடிப்படிச் சுழலின் நடுவே பின்னாளில் செருகிய லிப்டில் ஒருவரும் ஒரு பெட்டியும் நிற்கலாம், இரண்டாவது ஆள் படியேற வேண்டும். சில இடங்களில் லிப்டே கிடையாது, ஐந்தாம் மாடி வரை சுமக்க வேண்டியதுதான். வயதான பெற்றோருடன் போகிறவர் முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. குளிர்சாதன வசதி பல இரண்டு நட்சத்திர ஹோட்டல்களில் இல்லை. ஐரோப்பாவில் எதற்கு ஏ.சி. என்று நினைப்பவருக்கு ஒரு தகவல்: 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 பாகை வெப்பம் பதிவானது. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர் இதற்காகப் பத்துப் பதினைந்து யூரோ கூடுதலாகக் கொடுத்தாலும் வீண் இல்லை. தெருப் பக்க அறையா, உள்முற்றத்துப் பக்க அறையா என்று கேட்பதும் பயன் தரும். உள்முற்ற அறையில் வெளிச்சம் குறைவு, ஆனால் இரவு முழுக்க நிம்மதியான உறக்கம். பத்தாம் வட்டாரத்து ஹோட்டல் ஒன்றில் ‘முற்றத்தைப் பார்த்த அறை’ என்று சொல்லி எனக்குக் கொடுத்தது, சமையலறைப் புகைபோக்கி ஏறும் ஓர் இடுக்கைப் பார்த்த அறை. கேட்டதும் மறுநாளே மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காட்டும் விலையோடு சேராமல் வரும் இரண்டு செலவுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று தங்கல் வரி. ஒலிம்பிக் நடந்த 2024-இல் இது ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 2.60 யூரோ, இரண்டு நட்சத்திரத்துக்கு 3.25, மூன்று நட்சத்திரத்துக்கு 5.20 யூரோ. ஆக, மூன்று நட்சத்திர ஹோட்டலில் இருவர் ஐந்து இரவு தங்கினால் வரியே 52 யூரோ. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த வரி இல்லை, ஆகவே பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ரசீது வந்தால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். மற்றொன்று காலை உணவு. சிறு ஹோட்டலில் ஒருவருக்குப் பன்னிரண்டு, பதினைந்து யூரோ கேட்பார்கள். ரொட்டி, வெண்ணெய், பழக்கூழ், காப்பி என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. தெருமுனை ரொட்டிக்கடையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த குரோசானும், அடுத்த கடையில் நின்றுகொண்டே குடிக்கும் காப்பியும் அதில் பாதிகூட ஆகாது. காலை உணவு இல்லாத விலையைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம்.

தனியாகப் பயணம் செய்பவருக்கும் இளைஞருக்கும் விடுதிப் படுக்கைகள்தாம் கட்டுப்படியாகும். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பதினெட்டாம் வட்டாரத்தில் பஜோல் கூடத்தில் இருக்கும் இவ் ரொபேர் இளைஞர் விடுதி. பழைய ரயில்வே சரக்குக் கூடத்தைப் புதுப்பித்து, கூரை முழுக்கச் சூரிய மின்தகடுகளைப் பொருத்தி, 2013-இல் திறக்கப்பட்ட இடம் அது. பழைய இரும்புச் சட்டங்களுக்குக் கீழே மரத்தால் கட்டிய புதுக் கட்டடம் நிற்கிறது. மராய்ஸ் பகுதியில் மீழ் (MIJE) என்ற அமைப்பு நடத்தும் விடுதிகள் 17-ஆம் நூற்றாண்டு மாளிகைகளில் இருப்பதால், கல் படிக்கட்டும் மர உத்தரங்களும் கொண்ட இடத்தில் அந்த விலைக்குத் தங்குவது ஓர் அதிசயம்தான். பத்தாம் வட்டாரத்து ஜெனரேட்டர், பத்தொன்பதாம் வட்டாரத்தில் கால்வாயோரமாக இருக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஆகியவை பெரியவை, கலகலப்பானவை. கீழே மதுக்கூடமும் உண்டு என்பதால் சீக்கிரம் உறங்க விரும்புவோருக்குப் பொருந்தாது. பூட்டு, துண்டு இரண்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது. விடுதியில் தனி அறை எடுக்க நினைப்பவர் ஒரு முறைக்கு இரு முறை விலையை ஒப்பிட வேண்டும். பல நாட்களில் அது இரண்டு நட்சத்திர ஹோட்டலுக்குச் சமமாகவே இருக்கிறது.

2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் முழுக்க மூட்டைப்பூச்சி என்று செய்திகள் உலகெங்கும் பரவின. பயம் அளவுக்கு மீறியதுதான் என்றாலும், அறைக்குள் நுழைந்ததும் மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிக் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டில் மேல் வைக்காமல் தாங்கியில் வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். எந்த விலை அறைக்கும் இது பொருந்தும்.

பஜோல் விடுதியைச் சொன்னபோதே அந்தப் பகுதியைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். ஈழத்தமிழர்கள் ‘லாச்சப்பல்’ என்று அழைக்கும் இடம் அதுதான். 1980-களில் இருந்து அகதிகளாக வந்தவர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு; கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். காய் தெருவிலும், ஃபோபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையிலும் இடியப்பமும் கொத்துரொட்டியும் கிடைக்கும். பிள்ளைகளோடு ஒரு வாரம் தங்கும் சைவ உணவுக் குடும்பத்துக்கு இதன் அருமை மூன்றாம் நாளில் தெரியும். மாணிக்கப் பிள்ளையார் கோயிலும் பஜோல் தெருவில்தான். விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் நேராகக் கார் து நோரில் வந்து நிற்பதால், பெட்டிகளோடு ரயில் மாற வேண்டியதும் இல்லை. குறையும் உண்டு: நிலையத்தைச் சுற்றியும் பர்பேஸ் சந்திப்பிலும் பிக்பாக்கெட் அதிகம், சிகரெட் விற்போர் வழிமறித்து நிற்பார்கள், இரவில் தெரு அவ்வளவு கண்ணுக்கு இனியதாக இருக்காது. கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொண்டு நடப்பவருக்கு இது பெரிய தடையில்லை என்பதே என் கருத்து. அமைதியான, மரங்கள் அடர்ந்த சூழல் வேண்டுமென்றால், இதே ரயிலில் தெற்கே போய்ப் பதின்மூன்றாம், பதினான்காம் வட்டாரங்களில் தேடலாம். விலையும் ஏறத்தாழ இதே அளவுதான்.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வாடகை வீடு மலிவு என்பது பொதுவாக உண்மைதான், சமையலறையும் கிடைக்கும். ஆனால் பாரிஸ் நகராட்சி இதில் கண்டிப்பானது. வீட்டுக்காரர் தாம் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 நாள் வரை பயணிகளுக்கு விடலாம் என்றிருந்த வரம்பு, 2025 தொடக்கத்திலிருந்து 90 நாளாகக் குறைக்கப்பட்டது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத வீட்டை, விலை எவ்வளவு இறங்கி வந்தாலும், எடுக்காமல் இருப்பதே நல்லது. துப்புரவுக் கட்டணமும் தளத்தின் சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் முழுமையாகத் தெரியும் என்பதால், இரண்டு மூன்று இரவுக்கு ஹோட்டலும், ஒரு வாரத்துக்கு வீடும் பெரும்பாலும் லாபம்.

மாணவர்களும் ஆய்வாளர்களும் பதினான்காம் வட்டாரத்துப் பன்னாட்டுப் பல்கலைக்கழகக் குடியிருப்பைக் கேட்டுப் பார்க்கலாம். 1925-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் இந்திய இல்லமும் ஒன்று. கோடையில் இடம் காலியாக இருந்தால் குறுகிய காலத்துக்குத் தரும் இல்லங்கள் சில உண்டு.

ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால், பலர் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை அவசரமாக எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்கிறார்கள். விசா கைக்கு வந்த பிறகு, அதே ஹோட்டலின் சொந்தத் தளத்தில் விலையை மீண்டும் பார்ப்பது பலன் தரும். திரும்பப் பெற முடியாத விலை கணிசமாகக் குறைவாக இருக்கும். செப்டம்பர் இறுதியும் அக்டோபர் தொடக்கமும் ஃபேஷன் வாரத்தாலும் வணிகக் கண்காட்சிகளாலும் விலை ஏறும் காலம். பாரிஸ்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடும் ஆகஸ்டில், அலுவலகப் பயணிகளை நம்பியிருக்கும் ஹோட்டல்கள் விலையை இறக்கும். குளிரைப் பொறுத்துக்கொள்பவருக்குப் புத்தாண்டு கழிந்த ஜனவரி நடுப்பகுதி அதைவிடவும் மலிவு.