தினம் 10 நிமிடமா, வாரம் ஒரு மணி நேரமா? பிள்ளை மனசுவிட்டுப் பேச எது உதவும்

பிள்ளைக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் குழப்பம். ஒரு வழி, வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது. இன்னொரு வழி, தினமும் 10 நிமிடம் ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்தபடி பக்கத்தில் இருப்பது. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 70 நிமிடம். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சே வேண்டாம், போனைக் கண்காணித்தால் போதும் என்பது மூன்றாவது வழி. என் ஓட்டு தினப்படி 10 நிமிடத்துக்கு. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

போனைத் தள்ளி வை, குரலை உயர்த்தாதே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதே என்பதெல்லாம் எந்த வழிக்கும் பொது. அதை விட்டுவிடலாம். இந்த வழிகளில் எது நல்லது என்று முடிவு செய்வது ஒரே விஷயம்: கெட்ட வாரத்தில் எது தாக்குப்பிடிக்கிறது?

நல்ல வாரத்தில் எந்தப் பழக்கமும் நன்றாகத்தான் ஓடும். பரீட்சை வாரம், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், வேலையில் கணக்கு முடிக்கும் மாதக்கடைசி, இவை வரும்போது பாருங்கள். வாரப் பேச்சு ஒருமுறை தவறினால் இடைவெளி 14 நாள். இன்னொருமுறை தவறினால் 21 நாள். அதற்குள் அது பழக்கம் என்ற தகுதியையே இழந்துவிடும். மறுபடி தொடங்க ஒரு அறிவிப்பு வேண்டியிருக்கும். அந்த அறிவிப்பே பிள்ளையை உஷாராக்கிவிடும். தினப்படியில் ஒரு நாள் தவறினால் மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் தொடரலாம். வாரத்தில் மூன்று நாள் போனாலும் நான்கு நாள் கையில் மிச்சம். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். விட்டுப்போகாமல் காப்பதைவிட, விட்டுப்போனதைச் சத்தமில்லாமல் மறுபடி எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதே கணக்கு.

பிள்ளையின் பக்கமும் ஒரு பராமரிப்புக் கணக்கு உண்டு. புதன்கிழமை வகுப்பில் பட்ட அவமானம் ஞாயிற்றுக்கிழமை வரை அதே உருவத்தில் இருக்காது. ஒன்று மறந்துபோயிருக்கும், அல்லது இறுகிப் போயிருக்கும். ஞாயிறன்று "என்ன விஷயம்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று வரும் பதில் பல நேரம் பொய்கூட இல்லை. அதோடு, "வா, உட்காரு, பேசணும்" என்ற அழைப்பைக் கேட்டதும் எந்தத் தப்பு மாட்டிக்கொண்டது என்றுதான் மனசு ஓடும். எதிரெதிரே உட்கார்ந்த பேச்சு கால் மணி நேரத்தில் மார்க்குக்கும், ரூம் சுத்தத்துக்கும், போனுக்கும் போய்விடுவதும் வழக்கம். ஒரு மணி நேரத்தை உணர்வுகளால் மட்டும் நிரப்புவது பெரியவர்களாலேயே முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது 2 வயதிலிருந்து 7 வயது வரை, தினப்படி முறைக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970-களில் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையில் வீட்டுப்பாடமே அன்றாடம் 5 நிமிட விளையாட்டுதான். நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சையிலேயே வீட்டில் தினம் 5 நிமிடம்தான் கேட்கிறார்கள் என்றால், மணிக்கணக்கு இல்லையே என்று நாம் குற்ற உணர்ச்சியில் குமைய வேண்டியதில்லை.

செய்முறை இது. தரையில் உட்காருங்கள். கட்டைகள், களிமண், கிரேயான் போல மூன்று நான்கு பொருள் மட்டும் எடுத்து வையுங்கள். ஜெயிப்பு தோற்பு உள்ள ஆட்டம் வேண்டாம்; எறிவதும் அடிப்பதுமான சாமானும் வேண்டாம். அவற்றை எடுத்தால் நீங்கள் விதி சொல்லவோ தடுக்கவோ வேண்டிவரும். அந்த 5 நிமிடமும் பிள்ளைதான் முன்னே போகும், நீங்கள் பின்னால். கட்டளை, குறை, கேள்வி மூன்றும் கிடையாது. "இது என்ன கலர்?" என்றதும் விளையாட்டு பரீட்சையாகிவிடும். "நீலக் கட்டைய மேல வைக்கிற" என்று நடப்பதைச் சொன்னால் போதும். பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், செய்வதைப் பார்த்து நீங்களும் செய்யுங்கள். பாராட்டு எதற்கென்று தெரியவேண்டும்: "சூப்பர்" என்பதைவிட "விழுந்தும் பொறுமையா மறுபடி அடுக்கின" என்பது பிள்ளையிடம் தங்கும்.

இதில் பெரும்பாலும் எங்கே கெடும் என்றால், இந்த நேரத்தைப் பரிசாக மாற்றும்போதுதான். "இன்னைக்கு அடம் பிடிச்சேல்ல, அதனால விளையாட்டு கிடையாது" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், நல்ல நாளில் மட்டும்தான் அம்மா அப்பா கிடைப்பார்கள் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும். மோசமான நாளில்தான் அது அதிகம் தேவை. தண்டனை வேறு எதுவாகவும் இருக்கட்டும், இதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பதின்ம வயதுக்கு வந்தால், 10 நிமிடம் என்பது நடைமுறையில் பொருந்தும் ஓர் அளவு, ஆய்வு நிர்ணயித்த எண் என்று அதைச் சொல்லமாட்டேன். சில நாள் நான்கு நிமிடத்தில் முடியும், சில நாள் முக்கால் மணி நேரம் ஓடும். முகத்துக்கு முகம் பார்க்காத வேலை வேண்டும்: துணி மடிப்பது, பாத்திரம் துடைப்பது, நடந்துபோவது, வண்டியில் போவது. கண்ணைப் பார்க்க வேண்டாத இடத்தில் கஷ்டமான வார்த்தை சுலபமாக வரும், கைக்கு வேலை இருந்தால் மௌனமும் உறுத்தாது. இந்த வயதில் தூக்கத்துக்கான ஹார்மோன் சுரப்பே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப் போவதால், ராத்திரியிலும் அவர்கள் விழிப்பாக இருப்பார்கள், பேச்சும் அப்போது வரலாம். ஆனால் 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆகவே விளக்கு அணைக்க அரை மணி முன்னால் இந்த வேலையை வையுங்கள், அணைத்த பிறகு வேண்டாம்.

பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஒன்று. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மகள், "அம்மா, அந்த குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க" என்கிறாள். வாயில் உடனே வருவது இரண்டு: "நீ என்ன பண்ணின? சும்மா தூக்குவாங்களா?" அல்லது "விடு, அவங்க இல்லாட்டி என்ன." முதலாவது விசாரணை. இரண்டாவது அன்பாகத் தெரிந்தாலும் அவளுடைய வலியைச் சின்னதாக்குகிறது. இரண்டிலும் பேச்சு அங்கேயே முடிந்தது.

மாறாக, "தூக்கிட்டாங்களா…" என்று அவள் வார்த்தையையே சொல்லி நிறுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள், கை மடித்துக்கொண்டே இருக்கட்டும். பெரும்பாலும் ஏழு எட்டு எண்ணுவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பிறகு உணர்வுக்கு ஒரு பெயர்: "தனியா விட்டுட்ட மாதிரி இருந்திருக்கும்." பெயர் தப்பானால் "தனியால்லாம் இல்ல, அசிங்கமா இருந்துச்சு" என்று அவளே திருத்துவாள். அந்தத் திருத்தம்தான் அன்றைய லாபம். உணர்வைச் சொல்லில் வைப்பதே அதன் வேகத்தைக் குறைக்கும் என்பதற்கு மூளை ஆய்வும் துணை நிற்கிறது: மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் கண்ட முகத்தின் உணர்வுக்குப் பெயர் சொன்னபோது பயம் போன்ற உணர்வுகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கொதிப்பு தணிந்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியாக ஒரே ஒரு கேள்வி: "நான் ஏதாவது பண்ணணுமா, இல்ல கேட்டா போதுமாம்மா?" பதில் எதுவானாலும் அதன்படி நடங்கள். "கேட்டா போதும்" என்றவளுக்கு அறிவுரை சொன்னால் அடுத்த முறை அவள் வரமாட்டாள்.

கண்காணிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன வயதில் எந்தச் செயலி, எவ்வளவு நேரம் என்ற வரம்பு அவசியம், அதில் சந்தேகமில்லை. மனசை அறியும் கருவியாக மட்டும் அது பயன்படாது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோருக்குத் தெரிந்திருப்பது பெரும்பாலும் பிள்ளை தானாகச் சொன்னது. துருவிக் கேட்டதாலும் கட்டுப்படுத்தியதாலும் தெரிந்தது குறைவு. தானாகச் சொல்ல வாய்ப்பு தினமும் கிடைக்கிறதா, வாரத்துக்கு ஒருமுறையா என்பதே அப்போது கேள்வி.

வாரப் பேச்சுக்கும் ஓர் இடம் உண்டு, அதை மறுக்கமாட்டேன். போன் நேரம், அண்ணன் தம்பி சண்டை, வீட்டு வேலைப் பங்கீடு, டியூஷனை நிறுத்துவதா போன்ற முடிவுகளுக்கு அதுதான் சரி. துணி மடிக்கும்போது சட்டம் போட்டால் துணி மடிக்கவே வரமாட்டார்கள். 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், முதல் விஷயம் பிள்ளையுடையதாக இருக்கட்டும், முடிவைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். ராத்திரி தனியாகச் சொன்ன எதையும் எல்லோர் முன்னாலும் எடுத்துப் போடாதீர்கள். "அன்னைக்கு நீயே சொன்னியே" என்ற ஒரு வரி பல மாத உழைப்பைத் தின்றுவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோகமோ எரிச்சலோ விடாமல் தொடர்ந்தால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டால், எந்தப் பேச்சும் போதாது. மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பார்க்க வேண்டும். பிள்ளைகளிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது சாதாரணம், அதைத் திமிர் என்று நினைத்துவிடுவோம். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து, கூரிய பொருட்களை அப்புறப்படுத்துங்கள், அன்றே உதவி தேடுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற சத்தியம் மட்டும் கொடுக்காதீர்கள்.

தொடங்கும்போது அறிவிப்பு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, முதல் வாரம் கேள்வியே கேட்காமல் கூட இருங்கள். பிள்ளை பேசவில்லை என்றாலும் அந்த நாள் கணக்கில் சேரும். நாலைந்து நாள் விட்டுப்போனால் விளக்கமும் மன்னிப்பும் நீட்டாமல், "வா, இந்தத் துணிய மடிச்சிடுவோம்" என்று கூடையை எடுத்து வையுங்கள்.