டிஸ்க்கா, டிஜிட்டலா? 3,999 ரூபாய் கேமுக்கு என் கையைவிட்டுப் போனது எவ்வளவு

2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 கேமான ஆஸ்ட்ரோ பாட் வந்தபோது இங்கே விலை 3,999 ரூபாய். முடிக்க எனக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. மூலை முடுக்கெல்லாம் துழாவி, ஒளிந்திருக்கும் 300 பாட்களையும் (குட்டி ரோபோக்கள்) பிடிக்க இன்னும் சில ராத்திரிகள். "நாலாயிரம் கொடுத்து ஒரு வாரத்தில் முடிகிற கேமா?" என்று நண்பர்கள் குரூப்பில் பஞ்சாயத்தே நடந்தது. மணிக்கு 333 ரூபாய் என்று ஒருவன் கணக்கும் போட்டுவிட்டான். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. நூறு மணி நேரம் ஓடும் சில கேம்களில் பாதி நேரம் குதிரை மேல் உட்கார்ந்து போய்க்கொண்டே இருப்போம். இதில் மணலில் நடந்தால் கன்ட்ரோலர் ஒரு மாதிரி அதிர்கிறது, கண்ணாடி மேல் நடந்தால் வேறு மாதிரி. வீணான நிமிடம் என்று எதையும் சொல்ல முடியவில்லை.

சரி, அதை எப்படி வாங்குவது? நேராக டவுன்லோடு செய்துகொள்ளும் டிஜிட்டலுக்கும் அப்போது அதே 3,999தான். கடைக்கு அலைய வேண்டாம், ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை மாற்ற வேண்டாம், பொறுமை இருந்தால் தள்ளுபடியும் வரும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒன்று: டவுன்லோடை ஆரம்பித்துவிட்டால், கேமில் பெரிய கோளாறு இல்லாதவரை பிளேஸ்டேஷனில் பணம் திரும்பாது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீமில் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் 14 நாளில் திருப்பித் தரலாம்.

நான் டிஸ்க் வாங்கினேன். காரணம் ஒன்றே ஒன்றுதான், விற்கலாம். மூன்றாவது வாரம் விளம்பரம் போட்டேன், அடுத்த நாளே ஒரு கல்லூரிப் பையன் அசோக் நகர் மெட்ரோ வாசலுக்கு வந்துவிட்டான். போன் டார்ச்சை அடித்து, டிஸ்க்கை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, "அண்ணா, இங்க கீறல் இருக்கே" என்றான். "அது கைரேகை தம்பி" என்றேன். உடனே டிஸ்க்கைத் தன் டி-ஷர்ட்டிலேயே துடைத்தான், எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 3,200 கேட்டேன், 2,900க்கு முடிந்தது. ஆக, அந்தக் கேமுக்கு எனக்கு ஆன செலவு 1,099 ரூபாய். இப்போது யாராவது விலை அதிகம் என்றால் எந்த விலையைச் சொல்கிறார்கள் என்று கேட்பேன்.

இதில் நாள்தான் முக்கியம். முதல் மாதத்தில் விற்றால் முக்கால் பங்கு தேறும். நாலைந்து மாதம் அலமாரியில் விட்டால், கடைக்காரரே புதுசைக் குறைத்து விற்க ஆரம்பித்துவிடுவார், அப்புறம் பழசை யார் கேட்பார்கள்? பெட்டியும் அட்டையும் பத்திரமாக இருக்க வேண்டும். டீலக்ஸ் எடிஷனுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பி வரவே வராது, கூடுதல் சமாசாரங்களை டவுன்லோடு செய்யத் தரும் ரகசிய எண் ஒருமுறைதான் வேலை செய்யும்.

கன்சோல் வாங்கும்போதே இதை யோசிக்க வேண்டும். 2024இல் பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் மாடல் இங்கே வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ளது 54,990, இல்லாதது 44,990. அந்தப் பத்தாயிரம் நாலு கேம் விற்றால் திரும்பிவிடும். வருஷத்துக்கு ஒரு கேம் வாங்குபவர் என்றால் டிரைவுக்குச் செலவு செய்யாதீர்கள்.

எல்லாக் கேமுக்கும் இது பொருந்தாது. ஸ்டார்டியூ வேலியை டிஜிட்டலில் வாங்கினேன், ஒரே ஆள் உருவாக்கியது, 2016இல் வெளிவந்தது, 2024இல்கூடப் பெரிய அப்டேட் இலவசமாக வந்தது. அதை விற்கும் எண்ணமே எனக்கு வந்ததில்லை. ஆன்லைன் சண்டைக் கேம்கள் நான் அதிகம் ஆடியதில்லை, அதனால் அவற்றைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம்.

டிஸ்க் பக்கம் நிற்கும் எனக்கும் ஒரு அடி விழுந்தது. நான் விற்ற பிறகு ஆஸ்ட்ரோ பாட்டில் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்று போட்டி போடும் புது லெவல்கள் வந்தன, டிசம்பரில் பனி லெவலும் வந்தது, எல்லாமே இலவசம். கேம் என் கன்சோலில் இன்ஸ்டால் ஆகித்தான் இருக்கிறது. தொட்டால் டிஸ்க்கைப் போடு என்கிறது. டிஸ்க்தான் அந்தப் பையனிடம் இருக்கிறதே.