தொடை எலும்பில் புற்றுநோய் முறிவு: கம்பியா, மாற்று மூட்டா?

மார்பிலோ சிறுநீரகத்திலோ தொடங்கிய புற்றுநோய் தொடை எலும்புக்குப் பரவினால், கட்டிலை விட்டு எழும்பும்போதே எலும்பு முறிந்துபோகலாம். மோட்டார் சைக்கிளில் விழுந்து முறிந்த எலும்பைப்போல இது பொருந்தும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது. எலும்பு பொருந்தாமலே விட்டாலும் வைக்கிற உலோகம் நோயாளி இருக்கும்வரை தாங்குமா என்பதுதான் கேள்வி.

தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில், அதாவது மூட்டுத் தலைக்குச் சற்றுக் கீழே முறிந்தால் விவாதமே இல்லை. மூட்டுத் தலையை எடுத்துவிட்டு எலும்புச் சீமெந்து (உலோகத்தை எலும்போடு பிடிக்கவைக்கும் பசை) வைத்து மாற்று மூட்டுப் பொருத்துவதே சரி. நடுத்தண்டில் முறிந்தால், எலும்பின் உட்குழிக்குள் செலுத்தும் உலோகக் கம்பி. இழுபறியெல்லாம் இடைப்பட்ட பகுதியில், இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழேதான்.

கம்பிக்குச் சிறிய வெட்டுப் போதும். பெரும்பாலும் மறுநாளே வோக்கருடன் ஊன்றி நடக்கலாம். முழங்கால்வரை போகிற நீளக் கம்பியாக, கழுத்துக்குள்ளும் திருகாணி ஏறுவதாக இருக்க வேண்டும். கட்டைக் கம்பி போட்டால் அதன் நுனிக்குக் கீழே அடுத்த புற்று முறிக்கும். கம்பிக்காக எலும்பு மச்சையைக் குடையும்போது கொழுப்பு நுரையீரலுக்குப் போய் ஒட்சிசன் இறங்கலாம். மார்பகப் புற்றுநோயாளிகள் பல வருடம் வாழக்கூடியவர்கள். எலும்பு பொருந்தாவிட்டால் கம்பி களைத்து, கழுத்துத் திருகாணி நுழையும் துளையில் முறியும்.

மாற்று மூட்டு எலும்பு பொருந்துவதை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆனால் வெட்டுப் பெரிது, இரத்தம் கூடுதலாகப் போகும், கிருமித் தொற்றும் மூட்டு விலகலும் கூடுதல். மேல்துண்டு முழுவதையும் மாற்றினால் இடுப்புத் தசைகளின் பிடி தளர்ந்து சாய்ந்து நடக்க நேரும். எலும்பு பெருமளவு அரிபட்டு, ஆயுளும் நீளும் எனத் தெரிந்தால் இதுவே மேல். சில மாதங்களே என்றால் கம்பிதான் நியாயம்.

தகடும் சீமெந்தும் மேற்கைக்கும் முழங்காலுக்கு அண்மித்த பகுதிக்கும் உதவும், இங்கே மூன்றாமிடம்.

எதையும் செய்யுமுன், ஒரே இடத்தில் மட்டும் புற்று, முன்பு புற்றுநோய் வரலாறும் இல்லை என்றால், முதலில் புற்றிலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனை (பயொப்சி). எலும்பிலேயே தோன்றிய சார்கோமாவாக இருந்தால், கம்பி அதைத் தண்டு நெடுகப் பரப்பிவிடும். பிறகு காலைக் காப்பாற்றுவதே கடினம். சிறுநீரக, தைரொயிட் புற்று கடுமையாக இரத்தம் கசியும். சத்திரசிகிச்சைக்கு முதல்நாளோ இரண்டு நாளுக்கு முன்னரோ அதற்குப் போகும் இரத்தக் குழாய்களை அடைக்க வேண்டும். இரத்தத்தில் கல்சியம் கூடியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடங்காத தாகமும் மயக்கமும் அதன் அறிகுறிகள்.

முறியுமுன் பிடிப்பது இன்னும் நல்லது. முறியும் அபாயத்தைக் கணிக்கும் மிரெல்ஸ் முறையில் இடம், வலி, புற்றின் தன்மை (எலும்பை அரிக்கிறதா, இறுக்குகிறதா), புற்றின் அளவு ஆகிய நான்குக்கும் 1 முதல் 3 வரை புள்ளி. 9 அல்லது மேல் என்றால் முன்கூட்டியே கம்பி, 7 அல்லது கீழ் என்றால் கதிர்வீச்சு, 8 என்றால் மருத்துவரின் கணிப்பு. புற்றுநோய் இருக்கிறவருக்குத் தொடை வலித்தால் முறிவு தெறிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுத் தேய்க்கப் போகாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கம்பி போட்டால் கதிர்வீச்சு கட்டாயம். கம்பியின் முழு நீளமும் அதற்குள் வர வேண்டும். காயம் ஆற ஏறத்தாழ இரண்டு கிழமை, பிறகு 8 கிரே (கதிர்வீச்சின் அளவலகு) ஒரே தடவை, அல்லது 20 கிரே ஐந்து தடவையாக. கல்முனை, அக்கரைப்பற்றுக்காரர் இதற்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கே போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கேட்கலாம். எக்ஸ்ரே படங்களோடு, எந்தக் கம்பி, எவ்வளவு நீளம் என்று எழுதிய சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.