பயோமெடிக்கல் டிரெய்னிங்குக்கு வெளிநாட்டுப் பார்ட்னர்: கம்பெனியா, ஆஸ்பத்திரி ஜோடியா, பாலிடெக்னிக்கா?

ஆஸ்பத்திரி மெஷின்களைப் பராமரிக்கறவங்களுக்கு டிரெய்னிங் கொடுக்கணும், அதுக்கு வெளிநாட்டுல யாரோட கை கோக்கறதுன்னு முடிவு பண்ற குழுவுல நானும் இருந்தேன். மூணு வழி இருந்துச்சு. மெஷின் விக்கற கம்பெனியே டிரெய்னிங்கும் கொடுக்கறது ஒண்ணு. வெளிநாட்டு ஆஸ்பத்திரியோ யுனிவர்சிட்டியோ நம்ம ஆஸ்பத்திரியோட ஜோடி சேர்ந்து வருஷா வருஷம் ஆள் அனுப்பறது இன்னொண்ணு. மூணாவது, உள்ளூர் பாலிடெக்னிக்ல கோர்ஸ் ஆரம்பிச்சு, வெளிநாட்டுப் பார்ட்னர் அங்க இருக்கற வாத்தியாருங்களைத் தயார் பண்றது. நாங்க மூணாவதுக்குத்தான் போனோம், இன்னிக்கு மறுபடி கேட்டாலும் அதுக்குத்தான் கை தூக்குவேன்.

முதல்ல எந்த மாதிரி டிரெய்னிங் தேவைன்னு தெளிவாகணும், இல்லன்னா பார்ட்னரைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. 2011ல வந்த ஒரு ஆய்வு, வசதி கம்மியான 16 நாடுகள்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆஸ்பத்திரி கருவிகளோட கணக்கைப் பாத்துச்சு. அதுல ஏறத்தாழ 40% வேலை செய்யாம கிடந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் வந்த இன்னொரு ஆய்வு பழுதுன்னு வந்த கருவிகளை எடுத்துப் பாத்து, வெறும் 107 திறமைகள் தெரிஞ்சாலே அதுல மூணுல ரெண்டு பங்கை மறுபடி ஓட வைக்கலாம்னு சொல்லுச்சு. பவர் சப்ளை, மோட்டார், குழாய் அடைப்பு, சின்னச் சின்ன மெக்கானிக்கல் வேலை, அப்புறம் மெஷினை எப்படி ஓட்டறதுன்னு நர்ஸுக்குச் சொல்லிக் கொடுக்கறது, எல்லாம் இந்த ரகம்தான். அதாவது பெரிய இன்ஜினியரிங் டிகிரி வேண்டியதில்ல, ஆனா கையால செஞ்சு பழகின ஆளு ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் இருந்தாகணும், அதுவும் ஒரு தடவை வந்துட்டுப் போற ஆளு இல்ல, அங்கயே இருக்கற ஆளு.

கம்பெனி டிரெய்னிங் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டியதில்ல. சிடி ஸ்கேன், அனஸ்தீஷியா மெஷின், டயாலிசிஸ் மாதிரி விஷயங்களுக்கு அவங்களை விட்டா வேற வழி கிடையாது, சர்வீஸ் பாஸ்வேர்டும் சாஃப்ட்வேரும் அவங்க கையிலதான். ஆனா சொல்லிக் கொடுக்கறது அவங்க மாடலை மட்டும்தான், மாடல் மாறினா சர்ட்டிஃபிகேட்டும் பழசாகிடும். இதை பார்ட்னர்ஷிப்னு நினைச்சு உக்காராம, மெஷின் வாங்கற டெண்டர்லயே டிரெய்னிங், சர்வீஸ் மேனுவல், பாஸ்வேர்டு மூணையும் எழுத்துல வாங்கிடுங்க. பணம் கைமாறறதுக்கு முன்னாடி உங்க பேச்சுக்கு இருக்கற மதிப்பு அப்புறம் இருக்காது.

ஆஸ்பத்திரி ஜோடி விஷயம் வேற. வர்றவங்க நிஜமாவே அக்கறையா வர்றாங்க, பல பேரு சொந்த லீவைப் போட்டுட்டு வர்றாங்க, அதை நான் குறைச்சே சொல்ல மாட்டேன். ஊருக்குத் திரும்பினப்புறமும் ஆட்டோகிளேவ் (நீராவில கருவிகளைக் கிருமி நீக்கற மெஷின்) கதவு கேஸ்கெட் ஃபோட்டோவை அனுப்பினா அன்னிக்கே பதில் வரும், அந்த உறவு தனி. சிக்கல் என்னன்னா ரெண்டு வாரத்துல ஏதாவது செஞ்சு முடிக்கணும்கிற அவசரத்துல அவங்களே ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பழுது பாத்துடுவாங்க, நம்ம டெக்னீஷியன் பக்கத்துல நின்னு பாப்பாரு, அவங்க கிளம்பறப்போ மெஷின்ல கரன்ட் கசியுதான்னு சோதிக்கற எலக்ட்ரிக்கல் சேஃப்டி அனலைசரும் கூடவே கிளம்பிடும். அடுத்த தடவை வேற ஆளு வருவாரு, முதல்ல இருந்து தொடங்கணும். இன்னொண்ணு, அவங்க ஊர் ஆஸ்பத்திரில மெஷினோட சர்க்யூட் போர்டு போச்சுன்னா புது போர்டு மாத்திடுவாங்க, வோல்டேஜ் ஏறி இறங்கற இடத்துல ஏன் அந்த போர்டு திரும்பத் திரும்பப் போகுதுங்கற கேள்விக்கு இங்க இருக்கறவங்கதான் பதில் தேடணும்.

இப்ப பாலிடெக்னிக் வழி. இது ஒண்ணும் புதுசு இல்ல. ருவாண்டால என்ஜினியரிங் வேர்ல்ட் ஹெல்த்ங்கற அமெரிக்கத் தொண்டு அமைப்பு, ஜிஇ ஃபவுண்டேஷன் பண உதவியோட, கிகாலி பாலிடெக்னிக்ல பயோமெடிக்கல் டெக்னீஷியன் கோர்ஸைக் கொண்டு வந்துச்சு. ஜாம்பியால, பிரிட்டனைச் சேர்ந்த தெட்ங்கற சுகாதாரப் பயிற்சி அமைப்பு சுகாதார அமைச்சகத்தோட சேர்ந்து நார்தர்ன் டெக்னிக்கல் காலேஜ்ல டிப்ளமா ஆரம்பிக்க உதவுச்சு. ரெண்டுலயும் கோர்ஸ் உள்ளூர் காலேஜோட கோர்ஸாவே இருக்கு, வெளிநாட்டுக்காரங்க பின்னாடி நின்னு தூக்கி விட்டாங்க, அந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடிச்சது.

என் முடிவைத் தீர்மானிச்சது ஒரே ஒரு கேள்விதான்: சொல்லிக் கொடுக்கறவரு யாரோட சம்பளப் பட்டியல்ல இருக்காரு? சிலபஸ், லேப், பார்ட்னரோட பேரு, புகழ் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். வாத்தியார் சம்பளமோ அவருக்குக் கொடுக்கற கூடுதல் தொகையோ பார்ட்னர் பணத்துல இருந்து வந்தா, புராஜெக்ட் முடியற அன்னிக்கு அவரு வேற வேலை தேட ஆரம்பிச்சுடுவாரு, அதுல தப்பும் இல்ல, அவருக்கும் குடும்பம் இருக்கு. அவரு போனா கூடவே மெஷின்ல வேணும்னே ஃபால்ட் வெச்சுச் சொல்லிக் கொடுக்கற பழக்கம், எந்த மெஷின்ல எந்த இடத்துல பசங்க தடுமாறுவாங்கங்கற அனுபவம் எல்லாமே போயிடும். லேப் மட்டும் பூட்டிக் கிடக்கும். அதனால நாங்க பேச்சுவார்த்தைல பிடிவாதமா நின்னது இதுல மட்டும்தான்: வாத்தியார் முதல் நாள்ல இருந்தே காலேஜ் சம்பளத்துல இருக்கணும், பார்ட்னர் பணம் வாத்தியாரைத் தயார் பண்றதுக்கும் டெஸ்ட் கருவிக்கும் மட்டும் போகணும், லேபோட வருஷச் செலவுல பார்ட்னர் பங்கு வருஷா வருஷம் குறைஞ்சு எந்த வருஷம் பூஜ்யம் ஆகும்னு எம்ஓயுலயே (புரிந்துணர்வு ஒப்பந்தத்துலயே) எழுதிடணும். பேச வந்ததுல ஒரு தரப்பு இதைக் கேட்டதுமே பின்வாங்கிடுச்சு. கையெழுத்துக்கு அப்புறம் பின்வாங்கறதை விட அது எவ்வளவோ மேல்.

இதே கேள்வியைப் படிச்சு முடிக்கற பசங்க பக்கமும் கேக்கணும். ஆஸ்பத்திரில பயோமெடிக்கல் டெக்னீஷியன்னு ஒரு போஸ்ட்டே இல்லன்னா, நல்லாப் படிச்ச பையன் எலக்ட்ரீஷியனா சேந்து டியூப்லைட் மாத்திட்டு இருப்பான், இல்லன்னா மெஷின் விக்கற கம்பெனிக்குப் போயிடுவான். அதனால கோர்ஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே சுகாதாரத் துறை மேஜைல உக்காந்திருக்கணும். டிப்ளமாவும் அந்த நாட்டோட தொழில்நுட்பக் கல்வி போர்டு அங்கீகரிச்சதா இருக்கணும், வெளிநாட்டு யுனிவர்சிட்டி லோகோ போட்ட சர்ட்டிஃபிகேட் அழகா இருக்கும், ஆனா அரசு வேலைக்கு ஆள் எடுக்கற விதில அது பெரும்பாலும் செல்லாது.

ஆக்சிஜன் பிளான்ட் விஷயத்தை யோசிச்சுப் பாத்தா இது இன்னும் புரியும். கொரோனா சமயத்துல நிறைய நாடுகள்ல அவசர அவசரமா பிஎஸ்ஏ பிளான்ட் (காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்செடுக்கற அமைப்பு) வெச்சாங்க. உள்ள நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுக்கற ஜியோலைட் ஈரம், எண்ணெய் பட்டா கெட்டுப் போகும், கம்ப்ரஸர் ஃபில்டரை நேரத்துக்கு மாத்தணும், வெளிய வர்ற ஆக்சிஜன் 93%, கூடக் குறைய 3க்குள்ள இருக்கான்னு தொடர்ந்து பாக்கணும். இது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற நிபுணரால ஆகற வேலையே இல்ல, தினமும் லாக்புக் எழுதற ஆளு வேணும்.

குறைகளும் இருக்கு. பாலிடெக்னிக் வழி ரொம்ப மெதுவானது, அங்கீகாரம் வாங்கி, வாத்தியாரைத் தயார் பண்ணி, முதல் பேட்ச் வெளிய வர்றதுக்குள்ள வருஷக்கணக்காகும், அந்த இடைவெளில ஆஸ்பத்திரில மெஷின் பழுதாகிட்டேதான் இருக்கும். எங்க முதல் பேட்ச் வேலைக்குப் போய் ரொம்ப நாள் ஆகல, அதனால அவங்க அங்கயே நிலைச்சு நிப்பாங்களான்னு என்னால இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. முழுக்க ஆன்லைன்ல நடத்தற கோர்ஸ் பத்தியும் எனக்கு அனுபவம் கம்மி. ஆனா துணைக்கு வெச்சுக்க நல்ல விஷயங்கள் இருக்கு, பழுது பாக்க வழி சொல்ற ஐஃபிக்ஸிட் தளம் 2020ல திறந்து விட்ட மெடிக்கல் சர்வீஸ் மேனுவல் தொகுப்பும், ஆஸ்பத்திரி கருவி பராமரிப்பு பத்தின ஃப்ராங்க்ஸ் ஹாஸ்பிடல் வொர்க்‌ஷாப் தளமும் எங்க லேப்ல தினமும் புழங்குது. லேபுக்குப் புது மெஷின் வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல, கண்டம் பண்ணி ஒதுக்கின சக்‌ஷன் மெஷின், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் எல்லாம் ஆஸ்பத்திரில இருந்து கேட்டு வாங்கினா, நிஜமான பழுதோடயே கிடைக்கும்.

பக்கத்துல பாலிடெக்னிக்கே இல்லாத இடம், ஒரே ஒரு ஆஸ்பத்திரின்னா ஜோடி வழிக்கே போங்க. அப்படிப் போனா மூணு விஷயம் கேட்டு வாங்குங்க: வருஷா வருஷம் அதே ஆளு வரணும், அனலைசர் இங்கயே இருக்கணும், ஸ்க்ரூடிரைவர் நம்ம டெக்னீஷியன் கையில இருக்கணும்.