பின்னடைவுக் குறிப்பேடு: நடுவிலிருந்து தொடங்குங்கள்

'தடைகளைப் படிகளாக்குவோம்' ரகக் கேள்விக் குறிப்பேடுகள் இப்போது நிறையவே விற்கின்றன. பக்கத்துக்கு ஒரு கேள்வி, கீழே கோடுகள், ஓரத்தில் ஒரு பூ. எனக்கு ஒன்று பரிசாக வந்தது. நான் கணக்கு டீச்சர். குரல்நாணில் முடிச்சு விழுந்து, கொஞ்ச காலம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்த நேரம். வாயைத் திறக்க முடியாதவளுக்கு நோட்டு வாங்கித் தருவது நல்ல யோசனைதான். தயாரித்தவர் பெயரைச் சொல்லவில்லை. ஏறக்குறைய இதே கேள்விகளை வேறு அட்டைகளிலும் பார்த்துவிட்டேன். குறையும் நிறையும் இந்த ரகத்துக்கே பொது.

தாள் நல்ல கனம், மை மறுபக்கம் ஊறவில்லை. ஆனால் தைக்காமல் பசை போட்டு ஒட்டிய பைண்டிங். விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. ஒரு கை அழுத்திப் பிடிக்க, மறு கை எழுத வேண்டும். மனசு சரியில்லாதவர்கள் எழுதுவதற்கென்றே செய்த பொருளில் இது சின்னக் குறையல்ல.

பெரிய குறை வரிசையில் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே, 'இந்தப் பின்னடைவு உங்களுக்குக் கற்றுத்தந்த மூன்று பாடங்கள்?' என்று கேட்கிறார்கள். பின்னடைவே இன்னும் முடியவில்லை, பாடத்துக்கு எங்கே போவது? அடுத்த பக்கத்தில் 'இதற்காக யாருக்கு நன்றி சொல்வீர்கள்?' குரல்நாணுக்கா? முன்பாதி முழுக்க இந்தப் பாட்டுதான்.

நடுவில் 'உங்கள் வளர்ச்சி மதிப்பெண்' என்று ஒரு பட்டியல். எங்கிருந்து எடுத்தது என்று போடவில்லை. ஆனால் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் 1996இல் வெளியிட்ட 21 வாக்கிய அளவுகோலின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. வளர்ச்சி வாழ்க்கையில் விழும் அடியிலிருந்து வருவதில்லை, அந்த அடிக்குப் பிறகு மனசு படும் பாட்டிலிருந்து வருகிறது என்பதுதான் அவர்கள் சொன்னது. வேதனையும் வளர்ச்சியும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்கலாம் என்றும் சொன்னார்கள். குறிப்பேட்டில் அதெல்லாம் உதிர்ந்துபோய், 0 முதல் 5 வரை வட்டமிடும் வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இழந்ததைக் குறிக்க இடமே இல்லை. இடப்பக்கம் வெட்டிய எண்கோடு மாதிரி. பிள்ளைகள் இப்படி வரைந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாட்ரிசியா ஃப்ரேசியரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களை, இடையில் ஏதாவது பேரிடி விழுவதற்கு முன்பும் பின்பும் அளந்தார்கள். 'நான் வளர்ந்துவிட்டேன்' என்று அவர்கள் சொன்னதும், முன்-பின் அளவுகளில் தெரிந்த மாற்றமும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. ஆக, அந்தப் பக்கத்தில் உங்களுக்கு எத்தனை மதிப்பெண் வந்தாலும் சந்தோஷமும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம்.

அந்தப் பட்டியலைத் தாண்டியதும் நோட்டு வேறு ஆளாகிவிடுகிறது.

'நான்கு நாள் எழுத்து' என்று ஒரு பகுதி. தினமும் 15 நிமிடம், நடந்ததையும் அதனால் மனசில் ஓடியதையும் நிறுத்தாமல் எழுத வேண்டும், பிழை பார்க்கக் கூடாது. (நான் பார்த்தேன். ஒற்று விட்டுப்போனால் கை நிற்காது.) இது ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட சோதனையின் முறை. அதில் எழுதிய மாணவர்கள் எழுதி முடித்த கையோடு இன்னும் சோர்ந்துதான் போனார்கள். பலன் தெரிந்தது அடுத்த மாதங்களில், மருத்துவ மையத்துக்கு அவர்கள் போவது குறைந்ததில். முதலில் வரும் இந்தச் சோர்வை நோட்டு சொல்வதே இல்லை. முதல் நாள் எழுதிவிட்டு இன்னும் பாரமாக இருக்கிறதே என்று மூடி வைத்துவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும். நாள் போகப்போக 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' மாதிரிச் சொற்கள் யார் எழுத்தில் கூடினவோ அவர்களுக்கே பலன் கூடுதல் என்று பென்னிபேக்கரின் பிந்தைய ஆய்வுகள் காட்டின. முதல் பக்கத்துப் 'பாடம் என்ன' கேள்வி இதற்கும் பின்னால் வர வேண்டியது.

இந்த நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து வரும் நான்கு கட்ட அட்டவணை. என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் இந்த வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வது. 1970களில் அமெரிக்க ராணுவப் பயிற்சிகளில் உருவான முறை. 'யார் மேல் தப்பு' என்று ஒரு கட்டம் இல்லை, கவனியுங்கள். 'நீ எவ்வளவு வலிமையானவள்' என்றும் இல்லை. அதனாலேயே கை தயங்காமல் எழுதுகிறது.

குரல் பாதி திரும்பி, கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போன பிறகு நான் நிரப்பிய ஒரு பக்கம்: நடந்திருக்க வேண்டியது, மூன்று கணக்கு. நடந்தது, ஒன்று. வித்தியாசம் ஏன் என்ற கட்டம்தான் சுவாரசியம். பலகையில் x² − 5x + 6 = 0 என்று எழுதிவிட்டு, குரலை மிச்சம் பிடிக்க, சும்மா நின்றேன். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண், "டீச்சர், மைனஸ் 2, மைனஸ் 3 தானே?" என்றாள். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முன் பெஞ்சிலிருந்து ஒருத்தன் திரும்பி, "அது காரணிக்குள்ள வர்றதுடி, x-க்குக் குறி மாறும்" என்றான். இருவரும் பலகைக்கே வந்துவிட்டார்கள். குரல் இருந்த காலத்தில் இந்த இடத்தில் விடையை நானே சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிக்கு மேல் பொறுப்பதில்லை, 3 நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன, பேசும் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதிவைத்திருக்கிறார். அட்டவணையின் நான்காவது கட்டத்தில் 'குரல் முழுசாக வந்தாலும் நிற்கவும்' என்று எழுதினேன்.

கடைசிப் பக்கம், 'இது எனக்கு நடந்தது நல்லதுக்கே, ஏனென்றால்...' என்று ஆரம்பித்துக் கொடுக்கிறது. வெற்றாக விட்டேன். குரல் போகாமலே பொறுத்து நிற்கக் கற்றிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பின்னட்டையில் 'அடி பெரிதானால் வளர்ச்சியும் பெரிது' என்று தங்க எழுத்து. இதை நம்பாதீர்கள். மார்க் சீரி குழுவினர் 2,000க்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஓரளவு துன்பம் பட்டவர்களே துன்பமே படாதவர்களைவிடவும் நிறையப் பட்டவர்களைவிடவும் நன்றாக இருந்தார்கள். அடி கூடக்கூட நன்மை கூடும் என்ற கணக்கு அதில் இல்லை.

வேலை போனவர்கள், தேர்வில் தவறியவர்கள், தொழில் நொடித்தவர்கள், முதல் அலை ஓய்ந்த பிறகு வாங்கலாம். சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவர்களுக்கு, தூக்கமே பிடிக்காதவர்களுக்கு இதைப் பரிசாகத் தராதீர்கள். அவர்களுக்கு ஒரு ஆலோசகர் வேண்டும். நோட்டும் அதைச் சொல்கிறது, கடைசித் தாளில், பொடி எழுத்தில்.

ஐந்துக்கு மூன்று. மூன்றும் பின்பாதிக்கு. நான்கு கட்டத்தை ஸ்கேலால் போட்டுக்கொள்ளப் பொறுமை இருந்தால் சாதாரணக் கோடு போட்ட நோட்டே போதும், அது விரித்தபடி நிற்கவும் செய்யும்.