பெத்னல் கிரீனா, லைம்ஹவுஸா: ஆவணம் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

கிழக்கு லண்டனின் இந்த இரண்டும் ஸ்டெப்னி என்ற பழைய பெரிய பாரிஷிலிருந்து (தேவாலயத்தை மையமாகக் கொண்ட உள்ளூர் நிர்வாகப் பகுதி) பிரிந்தவை. லைம்ஹவுஸ் 1730இல் தனிப் பாரிஷானது. பெத்னல் கிரீன் 1743இல். ஒற்றுமை அதோடு சரி.

பெத்னல் கிரீனில் தேடுவது எளிது. 1836 முதல் ஏழை நிவாரணத்துக்கு அதற்கே தனி கார்டியன் வாரியம் (ஏழைகளுக்கான உதவியை நிர்வகித்த குழு). 1855ஆம் ஆண்டுச் சட்டத்தில் வடிகால், தெரு வேலைகளும் அதன் வெஸ்ட்ரி மன்றத்துக்கே (பாரிஷின் நிர்வாகக் குழு) வந்தன. 1900இல் அதே பெயரில் பரோ (லண்டன் நகரின் உள்ளாட்சிப் பிரிவு) ஆனது. 1743 முதல் 1930 வரை எந்தக் காலத்துக்கும் ஒரே பெயரைத் தேடினால் போதும்.

லைம்ஹவுஸில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிவாரணப் பதிவுகளை ‘ஸ்டெப்னி யூனியன்’ (ஏழை நிவாரணத்துக்காக ஒன்றுசேர்ந்த பாரிஷ்களின் தொகுப்பு) என்ற தலைப்பில் பார்க்க வேண்டும். 1855க்குப் பிறகான வடிகால் வேலைகளோ ‘லைம்ஹவுஸ் மாவட்ட வாரியம்’ வசம். அக்கம்பக்கப் பகுதிகளான ராட்கிளிஃப், ஷாட்வெல், வாப்பிங்கும் அதில் அடக்கம். எனவே அதன் கணக்குகளை லைம்ஹவுஸ் பாரிஷுக்கு மட்டும் உரியவை என்று எடுத்தால் தவறு. 1900இல் லைம்ஹவுஸ் ஸ்டெப்னி பரோவுக்குள் போனது. ‘ஸ்டெப்னி’ என்ற பெயரைக் கண்டால் பாரிஷா, யூனியனா, பரோவா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றின் எல்லையும் வேறு.

1930இல் கார்டியன் வாரியங்கள் ஒழிந்து, ஏழை நிவாரணம் லண்டன் கவுன்டி கவுன்சிலுக்குப் போனது. 1965 முதல் இரண்டு ஊர்களும் டவர் ஹேம்லெட்ஸ் பரோவில்.